பெங்களூர் வந்தால் எடை குறையுமா? புவியீர்ப்பை வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு, எங்களோடு தங்கிப் படிக்கச் சென்னையிலிருந்து வந்தாள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வந்த மூன்றாம் நாள் காலையில் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றவள், அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"சித்தி, சென்னையில 46 இருந்தேன். இங்க 44.8 காட்டுது. மேட்டுல இருக்கிற ஊருன்னா எடை குறையுமா?"

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து விலகினால் ஈர்ப்பு குறையும் என்று அவள் பள்ளியில் படித்திருந்தாள். இரண்டையும் தானாகவே சேர்த்து யோசித்திருக்கிறாள். அவள் நினைத்தது சரிதான், எடை குறையத்தான் செய்கிறது. ஆனால் அவள் எடைக்கு அந்தக் குறைவு 14 கிராம் அளவுதான். 1.2 கிலோ வேறு ஏதோ காரணத்தால் போயிருக்கிறது.

அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென்றே ஒதுக்கினோம். நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இயற்பியலைப் புதிதாகத் தொடங்குபவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோர்கள் யாரும் செய்து பார்க்கலாம். வேண்டியவை: எடைக் கருவி, ஒன்றரை மீட்டர் நூல், ஒரு கனமான இரும்பு நட்டு, அளவு நாடா, காலி தண்ணீர் பாட்டில், கைபேசி, 10 கிலோ அரிசி மூட்டை.

முதல் படி: கருவியைச் சரிபாருங்கள்

எடைக் கருவியைக் குளியலறை வாசலில், கால்மிதியின் மேல் வைத்திருந்தோம். தப்பு அங்கேதான் இருந்தது. இந்தக் கருவிகளின் நான்கு மூலைகளிலும் சின்னக் கால்கள் இருக்கும். அழுத்தத்தை அளக்கும் உணரிகள் அந்தக் கால்களில்தான் இருக்கின்றன. மெத்தென்ற துணியின் மேல் வைத்தால் கால்கள் அமுங்கி, கருவியின் அடிப்பாகம் துணியில் பட்டுவிடும். அப்புறம் பாரத்தில் ஒரு பங்கை அந்த அடிப்பாகமே தாங்கிக்கொள்ளும். உணரிகளுக்கு மிச்சம்தான் போகும். கால்மிதியை எடுத்துவிட்டு மொசைக் தரையில் வைத்ததும் 45.9 காட்டியது.

கருவியை ஆடாத, சமமான, கெட்டியான தரையில் வையுங்கள். மூன்று முறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூன்றும் 100 அல்லது 200 கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். அடுத்து, நீங்கள் மட்டும் நின்று ஒரு முறையும், 10 கிலோ அரிசி மூட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு முறையும் அளந்து கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 10-ஐ ஒட்டி வந்தால் கருவி நம்பத் தகுந்தது. மூட்டையைத் தனியாகக் கருவியில் வைக்க வேண்டாம். குறைந்த பாரத்தில் பல கருவிகள் சரியாகக் காட்டாது.

இரண்டாம் படி: நிறை வேறு, எடை வேறு

பாடப்புத்தகம் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. ஆனால் இங்கே அவசரப்பட்டால் மீதி எல்லாம் குழம்பும். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உங்கள் உடம்பில் எவ்வளவு பொருள் இருக்கிறதோ அது நிறை. அதைக் கிலோகிராமில் சொல்கிறோம். நீங்கள் பெங்களூரில் இருந்தாலும், ஊட்டியில் இருந்தாலும், நிலாவுக்கே போனாலும் அது மாறாது. அந்த நிறையைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ அது எடை. விசை என்பதால் அதை நியூட்டன் என்ற அலகில் சொல்ல வேண்டும். நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை கிடைக்கும். பெங்களூரில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78. அதாவது, கையிலிருந்து நழுவிய பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.78 மீட்டர் என்ற அளவில் கூடிக்கொண்டே போகும். 60 கிலோ நிறையுள்ள ஒருவரின் எடை இங்கே 60 பெருக்கல் 9.78, சுமார் 587 நியூட்டன்.

இந்தக் குழப்பத்துக்கு நம் சொற்களும் ஒரு காரணம். 'நிறு' என்றாலே எடை போடுவதுதான். காய்கறி நிறுத்துக் கொடுப்பார்கள், பொன்னை நிறுத்துப் பார்ப்பார்கள். அதிலிருந்து வந்த 'நிறை' என்ற சொல்லைத்தான் பாடப்புத்தகம் எடையிலிருந்து பிரித்து வேறு பொருளில் பயன்படுத்துகிறது. இங்கே பள்ளியில் கன்னடமும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. கன்னடத்தில் எடைக்கு 'தூக', நிறைக்கு 'த்ரவ்யராசி'. நம் 'தூக்கு' என்ற சொல் காதில் விழுகிறது அல்லவா? தூக்கும்போது கையில் தெரிவது எடை என்று சொன்னதும் என் அக்கா மகளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

எடை ஏன் உண்டாகிறது என்பதற்கு 1687-இல் நியூட்டன் ஒரு விதி தந்தார். எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று இழுக்கும். நிறை கூடினால் இழுவை கூடும். தூரம் இரண்டு மடங்கானால் இழுவை நாலில் ஒன்றாகும். தூரத்தைப் பூமியின் மையத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்பது முக்கியம். நம் காலடியிலிருந்து மையம் சராசரியாக 6,371 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் பெங்களூரின் 920 மீட்டர் மேடு எம்மாத்திரம் என்பது புரியும்.

பூமியின் நிறையும் இந்த விதியிலிருந்துதான் கிடைத்தது. 1798-இல் லண்டனில் கேவண்டிஷ், ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று இழுக்கும் மிக மெல்லிய விசையை ஒரு முறுக்குக் கம்பியை வைத்து அளந்தார். அதிலிருந்து பூமியின் அடர்த்தி தெரியவந்தது. இன்றைய கணக்கில் பூமியின் நிறை, 6-க்குப் பின்னால் 24 சுழியம் போட்டால் வரும் கிலோவுக்குச் சற்றே குறைவு.

இனி இந்தக் கட்டுரைக்கு அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். எடைக் கருவி பூமியின் இழுவையை நேரடியாக அளப்பதில்லை. நீங்கள் கீழே போய்விடாமல் உங்களைத் தாங்க, அது எவ்வளவு விசையோடு மேல்நோக்கித் தள்ள வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. அந்த விசையை ஒரு நிலையான எண்ணால் வகுத்து, கிலோ என்று திரையில் காட்டுகிறது. 'பாரமாக இருக்கிறோம்' என்று நம் உடம்பு உணர்வதும் இந்தத் தாங்கு விசையைத்தான். அடுத்த இரண்டு சோதனைகளும் இதைக் கண்ணால் பார்ப்பதற்காக.

மூன்றாம் படி: லிஃப்டில் ஏறிப் பாருங்கள்

குடியிருப்பில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணி நல்ல நேரம். முள் நகரும் பழைய வகைக் கருவி இருந்தால் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் வைத்து ஏறி நில்லுங்கள். டிஜிட்டல் கருவி இதற்கு ஒத்துவராது. ஒரு எண் வந்ததும் அதிலேயே நின்றுவிடும். எங்களிடம் முள் கருவி இல்லை, கைபேசியைத்தான் பயன்படுத்தினோம். ஜெர்மனியில் ஆஹன் நகரத்துப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலி, கைபேசிக்குள் இருக்கும் முடுக்க உணரியின் அளவைத் திரையில் காட்டும். ஈர்ப்பையும் சேர்த்துக் காட்டும் முடுக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கைபேசியை லிஃப்டின் தரையில் வையுங்கள்.

சும்மா கிடக்கும் கைபேசியே 9.8-ஐ ஒட்டிக் காட்டும். "அசையவே இல்லையே, அப்புறம் எதுக்கு 9.8?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். தரை அதைத் தாங்குகிறது, அந்தத் தாங்கலைத்தான் உணரி காட்டுகிறது.

லிஃப்ட் மேலே கிளம்பும் ஓரிரு வினாடிகளுக்கு எண் கூடும். நடுவில் ஒரே வேகத்தில் போகும்போது பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். மேல் மாடியில் நிற்கப்போகும்போது குறையும். இறங்கும்போது இதற்கு நேர்மாறு. லிஃப்டின் முடுக்கம் 1 என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ ஆளுக்கு முள் கருவி கிளம்பும்போது 66 காட்டும், நிற்கும்போது 54. பூமியின் இழுவை அதேதான், உங்கள் நிறையும் அதேதான். தாங்க வேண்டிய அளவு மட்டும் மாறியது. பலர் 'வேகமாகப் போனால் எடை மாறும்' என்று நினைக்கிறார்கள். நடுவில் எண் பழையபடி ஆவதைக் காட்டி அதைத் தெளிவாக்கிவிடுங்கள். வேகம் எவ்வளவு என்பதல்ல, வேகம் மாறுகிறதா என்பதுதான் கணக்கு.

நான்காம் படி: பாட்டிலைக் கீழே விடுங்கள்

தாங்கலே இல்லாமல் போனால்? காலி தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓர் ஓட்டை போடுங்கள். விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வையுங்கள். மொட்டை மாடியில் ஒரு வாளியைக் கீழே வைத்துக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி விரலை எடுங்கள். தண்ணீர் பீய்ச்சும். இப்போது பாட்டிலை அப்படியே விட்டுவிடுங்கள்.

விழுந்துகொண்டிருக்கும் அந்த அரை வினாடிக்கு ஓட்டையிலிருந்து தண்ணீர் வராது. யாராவது ஒருவர் கைபேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்தால் தெளிவாகத் தெரியும். பாட்டிலும் தண்ணீரும் ஒரே மாதிரி விழுகின்றன. மேலே உள்ள தண்ணீர் கீழே உள்ள தண்ணீரை அழுத்துவதில்லை, அழுத்தம் இல்லாததால் பீய்ச்சலும் இல்லை. நாங்கள் இதை ஏழெட்டு முறை செய்தோம். கீழ் வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

விண்வெளி வீரர்கள் மிதப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே ஈர்ப்பு இல்லை என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்கிறேன், வருத்தமாக இருக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் 6,371 என்பது 6,771 ஆகிறது, அவ்வளவே. தரையில் இருக்கும் இழுவையில் சுமார் 88 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் நிலையமும் உள்ளே இருப்பவர்களும் வினாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டே ஒன்றாக விழுகிறார்கள். பூமி உருண்டை என்பதால், அவர்கள் விழ விழத் தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. 2025 ஜூன் கடைசியில் அங்கே போய் ஜூலை நடுவில் திரும்பிய சுபான்ஷு சுக்லா அத்தனை நாளும் அந்தப் பாட்டில் தண்ணீரைப் போலத்தான் இருந்தார்.

அங்கே எடைக் கருவியில் ஏறி நிற்க முடியாது. அப்படியானால் உடம்பு இளைத்ததா என்று எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு வழி, சுருள்வில் பொருத்திய இருக்கை. அதில் அமர்ந்து ஆடினால், நிறை கூடியவர் மெதுவாக ஆடுவார், நிறை குறைந்தவர் வேகமாக ஆடுவார். ஆடும் நேரத்தை வைத்து நிறையைக் கணக்கிட்டுவிடலாம். எடையே தெரியாத இடத்திலும் நிறையை அளக்க முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஐந்தாம் படி: நூலும் நட்டும் வைத்து ஈர்ப்பை அளங்கள்

பெங்களூரின் 9.78 என்ற எண்ணை நான் சொன்னேன் என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டிலேயே அளக்கலாம். நூலில் தொங்கி ஆடும் பொருளைத் தனி ஊசல் என்பார்கள். அது ஆடும் நேரம் நூலின் நீளத்தையும் ஈர்ப்பையும் மட்டுமே பொறுத்தது. நட்டு கனமா லேசா என்பது பொருட்டல்ல.

நூலை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள். கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் இருக்க வேண்டும். நூலின் முடிச்சு வரை அளந்துவிட்டு நிறுத்தும் தவறு எல்லாருக்கும் வரும். நட்டைப் பக்கவாட்டில் ஒரு சாண் அளவுக்குள் இழுத்து, தள்ளாமல் விடுங்கள். போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. இருபது அலைவுக்கு ஆகும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள்.

எண்ணும்போது கையை விடும் கணத்தைச் 'சுழியம்' என்று சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் ஞாயிறு என் அக்கா மகள் விட்ட உடனே 'ஒண்ணு' என்று தொடங்கினாள். அவள் இருபது என்றபோது பத்தொன்பது அலைவுதான் முடிந்திருந்தது. நேரம் 38.2 வினாடி. அதை இருபதால் வகுத்து மேலே போனோம், ஈர்ப்பு 10.8 என்று வந்தது. இவ்வளவு தள்ளி வருகிறதே என்று இரண்டு பேரும் நூலை மாற்றி, முடிச்சை மாற்றிப் பார்த்து, கடைசியில்தான் எண்ணிக்கையைக் கவனித்தோம். சுழியத்திலிருந்து எண்ணியதும் 40.2 வினாடி வந்தது.

கணக்கு இப்படி. 40.2-ஐ இருபதால் வகுத்தால் ஓர் அலைவுக்கு 2.01 வினாடி. அதன் வர்க்கம் 4.04. மீட்டரில் சொன்ன நீளத்தை 39.48-ஆல் பெருக்கி, இந்த வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 39.48 வகுத்தல் 4.04, அதாவது 9.77. ஒரு நூலும் நட்டும் கொடுத்த விடை இது! 39.48 எங்கிருந்து வந்தது என்றால், அது 'பை' (π) என்ற எண்ணின் வர்க்கத்தை நாலால் பெருக்கியது.

இந்த முறையில் சென்னைக்கும் பெங்களூருக்கும் உள்ள வித்தியாசத்தைக் காண முடியுமா? முடியாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். கைபேசியை அழுத்துவதில் 0.2 வினாடி பிசகினாலே விடை ஒரு சதவீதம் மாறிவிடும். இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசமோ ஒரு சதவீதத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் நாள் முழுக்க ஆடும் கடிகாரத்துக்கு அது தெரியும். சென்னையில் சரியாக ஓடிய பழைய ஊசல் கடிகாரத்தை இங்கே கொண்டுவந்து மாட்டினால், ஈர்ப்பு குறைந்ததால் மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 13 வினாடி மெதுவாக ஓடும். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ரிஷே, பாரிசிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் என்ற ஊருக்குக் கடிகாரத்தோடு போனார். அங்கே அது ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதற்குக் கிடைத்த முதல் தடயங்களில் அது ஒன்று.

நம் நாட்டிலும் ஊசலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் உண்டு. ஜேம்ஸ் பசேவி என்ற நில அளவை அதிகாரி 1865 முதல் இந்தியாவின் பல இடங்களில் ஊசலை ஆடவிட்டு ஈர்ப்பை அளந்தார். 1871-இல் லடாக்கின் உயர்ந்த சமவெளியில், 15,000 அடிக்கு மேல், அளந்துகொண்டிருந்தபோதே இறந்துபோனார். இமயமலை அவ்வளவு பெரிய பாறைக் குவியலாக இருந்தும், அங்கே ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பது இத்தகைய அளவைகளில் தெரியவந்தது. கடலில் மிதக்கும் பனிப்பாறை போல, மலைகளுக்கு அடியில் லேசான பாறை ஆழமாக வேரோடியிருப்பதே அதற்குக் காரணம்.

ஆறாம் படி: ஊருக்கு ஊர் கணக்குப் போடுங்கள்

ஓர் ஊரின் அட்சரேகையும் உயரமும் தெரிந்தால் ஈர்ப்பைக் கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கணக்கிட்டால் சென்னை 9.783, பெங்களூர் 9.780, மும்பை 9.786, டெல்லி 9.791, ஊட்டி 9.775 என்று வருகிறது. 60 கிலோ ஆள் சென்னையில் சரிசெய்த கருவியோடு பெங்களூர் வந்தால் 18 கிராம் குறைவாகக் காட்டும். பெங்களூரிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகிப் போனால் சுமார் 70 கிராம் கூடும்.

டெல்லியும் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேலேதான் இருக்கிறது. கடலோரச் சென்னையைவிட அங்கே ஏன் ஈர்ப்பு அதிகம்? ஏனென்றால் உயரத்தைவிட அட்சரேகைதான் பெரிய ஆள். பூமி சுழல்வதால் அதன் இடுப்பு புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. வடக்கே போகப் போக மையத்துக்கு நெருங்குகிறோம். சுழற்சியின் இன்னொரு விளைவும் உண்டு. பெங்களூர்த் தரை நம்மையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. அந்தச் சுழற்சி மட்டும் இல்லையென்றால் 60 கிலோ ஆளுக்குக் கருவி இன்னும் 200 கிராம் கூட்டிக் காட்டும். நடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832 என்று இருப்பதற்கு இவை இரண்டும் சேர்ந்துதான் காரணம்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. தண்ணீர் நம்மை மிதக்கவைப்பது போலக் காற்றும் கொஞ்சம் மேலே தூக்குகிறது, 60 கிலோ ஆளை 60, 70 கிராம் அளவுக்கு. பெங்களூரில் காற்று மெலிந்திருப்பதால் இந்தத் தூக்கல் சென்னையைவிட ஐந்தாறு கிராம் குறைவு. ஆக, ஈர்ப்பு 18 கிராம் குறைத்ததில் காற்று ஐந்தாறு கிராமைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

வைட்ஃபீல்டில் இருபதாவது மாடியில் குடியிருப்பவர்கள் கேட்கலாம். தரையிலிருந்து 60 மீட்டர் மேலே போனால் 60 கிலோவுக்கு ஒரு கிராம் குறையும். பௌர்ணமிக்கு எடை மாறுமா என்று என் மாமியார் கேட்டார். நிலா நேர் உச்சியில் நின்றாலும் 7 மில்லிகிராம் அளவுக்குத்தான் மாற்றம். குடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீரே 200 கிராம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலைக்கும் இரவுக்கும் ஒரு கிலோ மாறினால் அது சாப்பாடும் தண்ணீரும்தான்.

இந்தப் பகுதியை விட்டு நகரும் முன் ஒன்று சொல்லியாக வேண்டும். பூமியின் ஈர்ப்பு வரைபடத்தில் மிக ஆழமான பள்ளம் நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. அங்கே பூமிக்குள் நிறை கொஞ்சம் குறைவு, அதனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் வலுவும் குறைவு. கடல் மட்டம் அங்கே, பூமி சீரான உருண்டையாக இருந்தால் நிற்க வேண்டிய மட்டத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கடல் சமமாகவே தோன்றும். இது எப்படி வந்தது என்று 2023-இல் விளக்கம் தந்த ஆய்வு, மல்லேசுவரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. பழைய டெதிஸ் கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்து, ஆப்பிரிக்காவுக்கு அடியிலுள்ள சூடான பகுதியைக் கலைத்துவிட்டது. அங்கிருந்து கிளம்பிய லேசான, சூடான பாறை இந்தக் கடலுக்கு அடியில் வந்து சேர்ந்ததுதான் காரணம் என்று கணினி மாதிரிகள் வழியாகக் காட்டினார்கள்.

ஏழாம் படி: வேற்றுக் கோள்கள்

இது எளிது, பெருக்கல் மட்டுமே. நிலாவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62, செவ்வாயில் 3.71, வியாழனின் மேகங்களின் உச்சியில் 24.8. நம் வீட்டுக் கருவியை அங்கெல்லாம் கொண்டுபோனால் 60 கிலோ ஆளுக்கு முறையே சுமார் 10, 23, 152 காட்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று பெங்களூரிலிருந்து வழிநடத்தி நிலாவில் இறக்கிய சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ஊர்தி 26 கிலோ. இங்கே அதைத் தூக்கினால் ஒரு முழு அரிசி மூட்டை. அங்கே நாலேகால் கிலோ தூக்குவது போலத்தான் இருக்கும். ஆனால் ஓடும் ஊர்தியைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் அங்கேயும் 26 கிலோவின் முரண்டு அப்படியே இருக்கும். நிறை மாறாது என்பதன் பொருள் இதுதான்.

எட்டாம் படி: நகைக்கடைக்குப் போகும்போது

இவ்வளவும் தெரிந்து அன்றாட வாழ்க்கையில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தப் படி.

இரண்டு தட்டுத் தராசு நிறையைத்தான் ஒப்பிடுகிறது. ஈர்ப்பு குறைந்தால் இந்தத் தட்டிலும் குறையும், படிக்கல் இருக்கும் தட்டிலும் குறையும். சென்னையில் ஒரு கிலோ என்றால் ஊட்டியிலும் ஒரு கிலோ, நிலாவிலும் ஒரு கிலோ. மின்னணுத் தராசு அப்படியில்லை. அது விசையை அளந்து கிலோவாக மாற்றிச் சொல்கிறது. ஆகவே எந்த ஊரில் பயன்படுத்தப்போகிறோமோ அந்த ஊரிலேயே படிக்கல் வைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். காய்கறிக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. பொன் விஷயத்தில் உண்டு. டெல்லியில் சரிசெய்த தராசை அப்படியே இங்கே கொண்டுவந்தால் 100 கிராம் பொன்னுக்கு 0.11 கிராம் குறைவாகக் காட்டும். சென்னையில் சரிசெய்ததாக இருந்தால் 0.03 கிராம். அதுவும் நகைக்கடைத் தராசின் கண்ணுக்குத் தப்பாது.

வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுகளை முறைப்படி சரிபார்த்து முத்திரை இட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் சொல்கிறது. இதற்கான படிக்கற்களையே சரிபார்க்க, அவற்றைவிடத் துல்லியமான மேல்படிக்கற்கள் உண்டு. பெங்களூர் ஜக்கூரில் இருக்கும் நடுவண் அரசின் தர ஆய்வகம் அந்த வேலையைச் செய்கிறது. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இந்தியாவுக்கென்று கொடுத்த 57-ஆம் எண் கிலோகிராம் படி இருக்கிறது. 2019 மே 20 முதல் உலகம் கிலோகிராமை ஓர் உலோகக் கட்டியை வைத்து வரையறுப்பதை விட்டுவிட்டு, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் எண்ணான பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கிறது.

கடையில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தராசில் முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள். நகையை வைக்கும் முன் திரை சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். மின்விசிறிக் காற்று படாமல் கண்ணாடிக் கூண்டை மூடச் சொல்லுங்கள். பிறகு, "ஒரு தடவை படிக்கல் வெச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். போன மாதம் கமர்ஷியல் தெருவில் ஒரு கடையில் அக்கா மகளே இதைக் கேட்டாள். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. வெல்வெட் பெட்டியைத் திறந்து, இடுக்கியால் 100 கிராம் படிக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். திரையில் 100.00 என்று வந்து நின்றது. அவள் தராசின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த முத்திரையைக் குனிந்து படித்துவிட்டு, "இங்கயே சரி பண்ணினதுதான் சித்தி" என்றாள்.